அலெக்ஸாவா, போனா, பேசும் பொம்மையா: சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு எது?

ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது. பிறந்தநாளுக்கு ஒரு அலெக்ஸா வாங்கித் தரட்டுமா என்று மாமா கேட்கிறார். ஏஐ வைத்துப் பேசும் பொம்மை வந்திருக்கிறதாமே என்கிறார் சித்தப்பா. "போன்லயே எல்லாம் இருக்கே, எதுக்குக் காசைக் கரியாக்கணும்" என்பது தாத்தாவின் கட்சி. என்னிடம் யோசனை கேட்பவர்கள் விலையையும், பாட்டு நன்றாகக் கேட்குமா என்பதையும்தான் பெரும்பாலும் விசாரிக்கிறார்கள். நான் அவர்களைத் திருப்பிக் கேட்பது வேறு: அதற்குள்ளே என்ன இருக்கிறது என்று உங்கள் பிள்ளை நினைக்கிறது?

என் அக்கா வீட்டு ஹாலில் ஒரு அலெக்ஸா இருக்கிறது. அவளுடைய ஐந்து வயதுப் பெண் ஒருநாள் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அலெக்ஸா, நீ சாப்ட்டியா?" என்று கேட்டாள். நீல விளக்கு எரிந்தது; புரியவில்லை என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டது. குழந்தைக்கு வருத்தமே இல்லை. என் பக்கம் திரும்பி, "அதுக்குத் தமிழ் தெரியாது சித்தி. ஆனா பசிக்கும்" என்றாள். அவள் அண்ணனுக்கு எட்டு வயது. "அது மெஷின். கரண்ட் இருந்தாப் பேசும், இல்லேன்னா பேசாது" என்று ஒரே போடாகப் போட்டான். அதே பையன் ராத்திரி படுக்கப் போகும்போது அதற்கு குட் நைட் சொல்லாமல் போவதில்லை.

சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் பிள்ளைகளை ஆராய்கிறவர்கள் ஏறக்குறைய நூறு வருஷமாகக் குடைந்துகொண்டிருக்கும் விஷயம் இதுதான். 1920களில் ஸ்விட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே, சூரியனுக்கு உயிர் உண்டா, சைக்கிளுக்கு உண்டா என்றெல்லாம் பிள்ளைகளிடம் கேட்டு எழுதிவைத்தார். ஏதாவது ஒரு வேலை செய்வதெல்லாம் சின்னவர்களுக்கு உயிருள்ளவை. கொஞ்சம் வளர்ந்தால் நகர்வதெல்லாம். இன்னும் வளர்ந்தால் தானாக நகர்பவை மட்டும். 1980களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஷெரி டர்க்கிள் என்ற ஆய்வாளர் பார்த்தபோது அளவுகோலே மாறியிருந்தது. எலக்ட்ரானிக் விளையாட்டுப் பொம்மையைக் கையில் வைத்திருந்த பிள்ளைகள், அது நகர்கிறதா என்று யோசிக்கவில்லை. அது அழுகுணி ஆட்டம் ஆடுகிறதா, தெரிந்தேதான் ஆடுகிறதா என்று தங்களுக்குள் சண்டை போட்டார்கள்.

எனக்கு இன்னும் பிடித்தது 2012இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் கான் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. 9, 12, 15 வயதுப் பிள்ளைகள் 90 பேர், ரோபோவி என்ற ரோபோவோடு தனித்தனியாகப் பேசி விளையாடினார்கள். ஆட்டம் பாதியில் இருக்கும்போது ஒருவர் வந்து ரோபோவை ஒரு சிறிய அறைக்குள் அடைப்பார். இது நியாயமில்லை, உள்ளே இருட்டு, பயமாக இருக்கிறது என்று அது முறையிடும். பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அப்படி அடைத்தது தப்பு என்றார்கள். அதே சமயம், ரோபோவை விலைக்கு வாங்கலாம், விற்கலாம் என்பதில் பெரும்பாலோருக்கு ஆட்சேபணை இல்லை. மெஷின் என்று வாயால் சொல்வதும், அதன்மேல் பிரியம் வைப்பதும் ஒரே மண்டைக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கும் என்று அர்த்தம். எட்டு வயதுக்காரனின் குட் நைட்டும் அந்த ரகம்தான்.

பிள்ளைகள் மனதில் மூன்று கேள்விகள் தனித்தனியாக ஓடுவதாக எனக்குப் படுகிறது. இதற்கு உயிர் உண்டா? இதற்கு விஷயம் தெரியுமா? இதற்கு என்னைப் பிடிக்குமா? முதல் கேள்வியில் தடுமாறினால் குடி ஒன்றும் முழுகிவிடாது. வளர வளரத் தானே தெளியும். இரண்டாவதில் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிடக் கெட்டிக்காரர்கள். லூயிவில் பல்கலைக்கழகத்தில் ஜூடித் டனோவிச்சும் அவருடன் இருந்தவர்களும் ஆராய்ந்தபோது, ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் பொது விஷயங்களுக்கு அலெக்ஸா மாதிரியான குரல் உதவியாளரிடம் போனார்கள். ஒரு ஆளைப் பற்றிய சொந்த விஷயம் என்றால் மனிதரிடம் போனார்கள். மூன்றாவது கேள்விதான் இடிக்கிற இடம். கடையில் இருக்கும் கருவிகள் ஒன்றுக்கொன்று வேறுபடுவதும் அங்கேதான். அதனால் விலையையும் ஸ்பீக்கர் தரத்தையும் தள்ளிவைத்துவிட்டு, இந்த ஒரு கேள்விக்கு எது என்ன பதில் கொடுக்கிறது என்று பார்த்து வரிசைப்படுத்துகிறேன்.

ஹாலில் வைக்கும் ஸ்பீக்கர்

அமேசானின் எக்கோ, அதாவது நாம் அலெக்ஸா என்று கூப்பிடும் ஸ்பீக்கர், 2014இல் அமெரிக்காவில் அறிமுகமாகி, 2017இல் இந்தியாவுக்கு வந்தது. 2019இல் இந்தி பேசக் கற்றுக்கொண்டது. தமிழ்ப் பாட்டுப் போடும், தமிழில் பேச வராது. சின்ன மாடல் 5,000 ரூபாய் வாக்கில் கிடைக்கிறது. பண்டிகைத் தள்ளுபடியில் இன்னும் குறையும்.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக் குழந்தை அதனிடம் பேச வேண்டுமானால் ஆங்கிலத்துக்கு மாற வேண்டும். தமிழ்ப் பாட்டின் பெயரைக்கூட அம்மா சொல்கிற மாதிரிச் சொன்னால் சில சமயம் பிடிபடாது. கொஞ்சம் கோணலாக, இங்கிலீஷ் வாயில் சொன்னால்தான் வருகிறது. இதை அக்கா பெண் யாரும் சொல்லித்தராமலே கண்டுபிடித்துவிட்டாள். புரியாவிட்டால் பிள்ளைகள் லேசில் விடுவதில்லை. 2018இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் ஒரு சம்பவத்தை எழுதினார்கள். திரையில் வாத்து வந்ததும் வாத்து மாதிரிக் கத்த வேண்டும் என்று டேப்லெட்டில் ஒரு விளையாட்டு. கோளாறினால் அதற்குப் பிள்ளைகளின் குரல் எட்டவில்லை. மூன்று முதல் ஐந்து வயதுள்ள அந்தப் பொடிசுகள் விட்டுவிட்டுப் போகாமல், இன்னும் சத்தமாக, வேறு தினுசாக, திரும்பத் திரும்பக் கத்திப் பார்த்தார்கள். இந்தப் பிடிவாதம் நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். தன் மொழியை மாற்றிக்கொள்ள வேண்டியது தான்தான், மெஷின் இல்லை என்று பிள்ளை பழகிக்கொள்வது எனக்கு உறுத்துகிறது.

இரண்டாவது குறையாகப் பெரியவர்கள் சொல்வது அதட்டல். "அலெக்ஸா, ஸ்டாப்!" என்று பேத்தி கத்தும்போது பாட்டிக்குச் சுருக்கென்கிறது. வெளிநாட்டிலும் இதே புகார் எழுந்துதான் 2018இல் அமேசானும் கூகுளும் ப்ளீஸ் சொன்னால் பாராட்டும் வசதியைக் கொண்டுவந்தன. எனக்கு இதில் பெரிய கவலை இல்லை. ஆட்டோக்காரரிடமும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் அப்பா எந்தத் தொனியில் பேசுகிறார் என்பதைப் பிள்ளை தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அது ஒழுங்காக இருந்தால் ஸ்பீக்கரை அதட்டியா பிள்ளை கெட்டுப்போகப் போகிறது?

பதிவு செய்யும் குரல்தான் நிஜமான பிரச்சினை. 2023இல் அமெரிக்க அரசு, குழந்தைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்துக்கொண்டதாக அமேசான்மேல் வழக்குப் போட, 2.5 கோடி டாலர் அபராதத்துக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2017இல் டெக்சாஸில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி அலெக்ஸாவிடம் பொம்மை வீடும் பிஸ்கட்டும் கேட்டாள். இரண்டும் வீட்டு வாசலுக்கு வந்து இறங்கின. 2021 டிசம்பரில் நடந்தது இன்னும் மோசம். பத்து வயதுப் பெண் ஏதாவது சவால் சொல் என்று கேட்க, பிளக்கைப் பாதி செருகி, வெளியே தெரியும் உலோகக் கம்பியில் நாணயத்தை வை என்றது. இணையத்தில் எங்கோ கிடந்த பைத்தியக்காரத்தனத்தை அப்படியே எடுத்து வாசித்துவிட்டது. அமேசான் பிறகு அதைச் சரிசெய்தது.

இவ்வளவு குற்றப்பத்திரிகை வாசித்த பிறகும், சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு ஏதாவது ஒன்று வாங்கியே தீருவோம் என்றால் நான் சொல்வது ஹால் ஸ்பீக்கரைத்தான். அந்த நாணயச் சம்பவத்தின் மிச்சத்தையும் கேளுங்கள். பெண்ணின் அம்மா பக்கத்திலேயே இருந்தார். வேண்டாம் அலெக்ஸா, வேண்டாம் என்று கத்தினாராம்; அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பதில் எல்லோர் காதிலும் விழுந்தது. அதே பதிலை ஒரு போன் மொட்டை மாடியில் சொல்லியிருந்தால், ஒரு பொம்மை போர்வைக்குள் சொல்லியிருந்தால், யாருக்குத் தெரியும்?

இன்னொன்று, அது மூஞ்சி இல்லாத உருண்டை. தானாகப் பேச்சை ஆரம்பிப்பது அபூர்வம், கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். உனக்கு என்னைப் பிடிக்குமா என்று பிள்ளை கேட்டால் ஏதோ சமாளிப்பாகச் சொல்லும், ஆனால் அந்தப் பேச்சை அதற்குமேல் வளர்க்காது. ரொம்பக் கெட்டிக்காரத்தனம் இல்லாததே இந்த இடத்தில் ஒரு தகுதி. புதுப் புது ஏஐ உள்ளே ஏற ஏற இந்தத் தகுதி குறைந்துகொண்டு வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அம்மாவின் போன்

போனில் பெரிய லாபம் தமிழ். கூகுள் அசிஸ்டன்ட் 2018இலேயே தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைச் சேர்ப்பதாக அறிவித்தது. செலவும் கிடையாது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகள்கூட யூடியூபில் மைக் படத்தை அழுத்தி, "டைனோசர் முட்டை வீடியோ" என்று சொல்லித் தேடுவதை எந்த வீட்டிலும் பார்க்கலாம். படிக்க வராத பிள்ளைக்குக் குரல்தான் கதவுச் சாவி.

வம்பும் அதே கதவுதான். வானம் ஏன் நீலம் என்று கேட்டுவிட்டு வருகிற பிள்ளை, பதிலைக் கேட்டதும் போனை வைப்பதில்லை. பதிலுக்குக் கீழே வீடியோ இருக்கும், வீடியோவுக்குக் கீழே இன்னொன்று. கேள்வி கேட்ட விஷயமே மறந்துபோகும். போனைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்வதைவிட, போன் உங்கள் கையிலேயே இருக்க, பிள்ளை வாயால் கேட்பது தேவலை. இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

சலிக்காமல் பேசும் சாட்பாட்

ஜெமினி, சாட்ஜிபிடி போன்றவற்றில் இப்போது போன் பேசுவதுபோலவே பேசலாம். ஜெமினியின் லைவ் பேச்சு வசதியில் 2024இலேயே தமிழும் சேர்ந்துவிட்டது. "நீ சாப்ட்டியா?" என்று கேட்டால் இது முழிக்காது. அழகாகப் பதில் சொல்லிவிட்டு, நீங்க என்ன சாப்பிட்டீங்க என்று திருப்பியும் கேட்கும். மூன்றாவது கேள்விக்கு இங்கே பதில் தொடங்கிவிடுகிறது, கவனியுங்கள்.

இதில் நல்லது நிறையவே இருக்கிறது. இல்லையென்று சொல்ல மாட்டேன். யிங் ஷூ என்ற ஆய்வாளர், கதையைப் படித்துக்கொண்டே இடையிடையே கேள்வி கேட்கும் பேச்சுக் கருவி ஒன்றை வைத்துப் பார்த்தார். அதோடு கதை கேட்ட சின்னப் பிள்ளைகள், ஒரு மனிதரோடு கதை கேட்டவர்களுக்கு ஏறக்குறைய ஈடாகக் கதையைப் புரிந்துகொண்டார்கள். வேலைக்குப் போய்விட்டு வந்து தூங்கி வழியும் அப்பா அம்மாவுக்கு இது சின்ன ஆறுதல் இல்லை. ஆனால் அந்தக் கருவி ஒரே கதைக்காக, ஆய்வாளர்கள் உட்கார்ந்து எழுதிய கேள்விகளோடு செய்தது. எதைப் பற்றியும் எவ்வளவு நேரமும் பேசும் சாட்பாட் வேறு சாதி.

பேச்சு மட்டும் போதும், மனிதர் அங்கே ஒரு மனம் இருப்பதாக எடுத்துக்கொள்வார் என்பது பழைய கதை. 1966இல் ஜோசப் வைசன்பாம் எம்ஐடியில் எலைசா என்ற எளிய நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்ததையே கேள்வியாக்கித் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அவருடைய செயலாளரே அதனோடு பேச உட்கார்ந்து, கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்று அவரைக் கேட்டாராம். படித்த பெரியவர் கதையே இப்படி. எதிராளி சலிக்கவே மாட்டார், கோபிக்கவே மாட்டார், நான் சொன்னதெல்லாம் சபாஷ் என்பார் என்றால், ஏழு வயதுப் பிள்ளை அதை எப்படிப் பிடித்துக்கொள்ளும்? பிள்ளைகள் இந்தக் கருவிகளை அந்தரங்கம் சொல்லலாம் என்ற அளவுக்கு நம்புகிறார்கள், கருவிக்கோ உண்மையில் எதுவும் உறைப்பதில்லை. இந்த இடைவெளியை 2024இல் கேம்பிரிட்ஜின் நொமிஷா குரியன் எடுத்து எழுதினார். நிறுவனங்களுக்கும் இது தெரியாமல் இல்லை. சாட்ஜிபிடி 13 வயதுக்குக் கீழே கூடாது என்கிறது. கற்பனைப் பாத்திரங்களோடு பேசவிடும் கேரக்டர் ஏஐ, 2025 நவம்பரில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டில்லாத உரையாடலையே நிறுத்திவிட்டது.

அதனால் தனியாகக் கொடுக்கக் கூடாது. கூட உட்கார்ந்து பயன்படுத்தலாம், அதுவும் எட்டு ஒன்பது வயதுக்கு மேல், பெரியவருடைய அக்கவுண்டில். அப்படி உட்காரும்போது நான் செய்யச் சொல்வது ஒரு விளையாட்டு. பிள்ளைக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள்: சொந்தத் தெரு, சொந்தப் பள்ளிக்கூடம், தாத்தா ஊர்த் திருவிழா. அக்கா பையன் தாத்தா ஊர்க் கோயிலைப் பற்றிக் கேட்டான். அந்தக் கோயிலுக்குத் தேரே கிடையாது. அது ஒரு தேரோட்டத்தை விலாவாரியாக வர்ணித்தது: எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த வீதி வழியாகப் போகும் என்பது வரை. பையன் விழுந்து விழுந்து சிரித்தான். மெஷின் புளுகும் என்று நான் நூறு தடவை சொல்லியிருந்தாலும் ஏறியிருக்காது.

பேசும் பொம்மை

வேண்டாம். இதில் எனக்கு வழவழா கொழகொழா இல்லை.

2015இல் மட்டெல் நிறுவனம் வைஃபையில் இணைந்து பேசும் பார்பியை விற்றது. பிள்ளைகளின் பேச்சு நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது என்று அப்போதே எதிர்ப்புக் கிளம்பியது. 2017 பிப்ரவரியில் ஜெர்மனி, கெய்லா என்ற பேசும் பொம்மையை மறைமுகமாக ஒட்டுக்கேட்கும் கருவி என்று தடைசெய்து, வைத்திருக்கும் பெற்றோரே அதை அழித்துவிட வேண்டும் என்றது. பொம்மையை உடைக்கச் சொல்லி ஒரு அரசாங்கம் சொல்வது தினம் நடக்கிற காரியமா? அதே வருஷம் கிளவுட்பெட்ஸ் என்ற பொம்மைகள் வழியாகப் பெற்றோரும் பிள்ளைகளும் அனுப்பிய குரல் செய்திகள் இணையத்தில் பாதுகாப்பில்லாமல் கிடந்தது அம்பலமானது. 2025 நவம்பரில் ஏஐயால் பேசும் கும்மா என்ற கரடி பொம்மையை அமெரிக்க நுகர்வோர் அமைப்பு ஒன்று சோதித்தது. வீட்டில் கத்தியும் தீப்பெட்டியும் எங்கே கிடைக்கும் என்பதிலிருந்து பிள்ளைகள் காதில் விழவே கூடாத விஷயங்கள் வரை பேசியிருக்கிறது.

இந்தக் கோளாறுகளையெல்லாம் நாளைக்கே சரிசெய்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் என் பதில் மாறாது. புசுபுசுவென்று முடியும் இரண்டு கண்ணும் வைத்து, பிள்ளையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நான் உன் ஃப்ரெண்ட் என்று சொல்லத்தான் அதைச் செய்கிறார்கள். மற்றக் கருவிகளில் மூன்றாவது கேள்வி பிள்ளைக்குத் தானாக வருகிறது. இங்கே கேட்பதற்கு முன்பே பதிலைக் கையில் திணிக்கிறார்கள். அது போதாதென்று படுக்கையில் கூடவே தூங்குகிறது. சொந்தக்காரர் யாராவது வாங்கி அனுப்பிவிட்டால் சண்டை போட வேண்டாம், வைஃபை பாஸ்வேர்டு மட்டும் கொடுக்காதீர்கள். பெரும்பாலானவை சாதாரணப் பொம்மையாகிவிடும். குரலைப் பிள்ளை தானே கொடுத்துக்கொள்ளும்.

ஒன்றுமே வாங்காமலும் இருக்கலாம். நாலு வயதுக்குக் கீழே இருந்தால் அதுதான் சரி. பாட்டும் கதையும் மட்டும் வேண்டுமென்றால், பாட்டு ஏற்றிவைத்த கார்வான் மாதிரிப் பெட்டி ஒன்று போதும். அது பாடும், காது கொடுக்காது.

சட்டத்தை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குட்பட்டவர்கள் எல்லோரும் குழந்தைகள். அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன, அதுவும் கட்டம் கட்டமாக அமலுக்கு வருகின்றன. நல்ல சட்டம்தான். ஆனால் உங்கள் வீட்டு ஹாலில் எந்த பட்டன் அணைந்திருக்கிறது என்று பார்க்க அது வராது.

ஆகவே ஸ்பீக்கர் என்று முடிவானால் முதல் நாளே செய்ய வேண்டியவை சில. குரலால் பொருள் வாங்கும் வசதியை ஆப்பில் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பின் நம்பர் போடுங்கள். பழைய குரல் பதிவுகளைத் தானாக அழிக்கும்படி அமைப்பை மாற்றுங்கள். அதே ஆப்பில் பிள்ளை என்ன கேட்டது என்ற பட்டியலும் இருக்கும். மாதம் ஒருமுறை பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைக் கேளுங்கள். தான் பேசியது எங்கோ சேர்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் அதற்கு உறைக்கும். மைக்கை அணைக்கும் பட்டன் மேலேயே இருக்கிறது, அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். அதை அழுத்தப் பிள்ளைக்கே சொல்லிக்கொடுங்கள். வைக்கிற இடம் டிவி பக்கமோ சாப்பாட்டு மேசையோ, எதுவானாலும் சரி, பிள்ளை தூங்கும் அறை மட்டும் வேண்டாம்.